தோட்டத்து மேட்டில் ஒரு சென்சர்: என்பி-ஐஓடி பெட்டியைப் பேட்டரியிலேயே பல வருடம் ஓட்டுவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் மேட்டில் இருக்கும், பம்பு கீழே ஆற்றோரமோ குட்டையோரமோ இருக்கும், தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் இரண்டுக்கும் நடுவில். தொட்டி காலி என்பது விடியற்காலையில் குழாயைத் திறக்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். அந்தத் தொட்டியின் மட்டத்தை ஒரு சின்னப் பெட்டி அளந்து மணிக்கு ஒரு தடவை கைப்பேசிக்குச் சொல்ல வேண்டும். அங்கே மின்சாரம் கிடையாது, பேட்டரி மாற்றுவதற்காக மாதாமாதம் யாரும் மேடேறப் போவதும் இல்லை. இதுதான் வேலை, இதற்கு உதவுவது கைப்பேசி டவர் வழியாகவே மிகக் குறைந்த மின்சாரத்தில் சின்னச் செய்திகளை அனுப்பும் என்பி-ஐஓடி என்ற வலை. மழைமானி, ஆற்று மட்டம், உரக்கிடங்குக் கதவு என்று எதை எடுத்தாலும் செய்முறை ஏறக்குறைய இதேதான், அதனால் தொட்டியையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

நிறையப் பேர் ஆன்லைன் கடையில், டவரோடு பேசும் மாட்யூலை வாங்கிவிட்டுத்தான் யோசிக்கவே தொடங்குகிறார்கள். பெட்டி வந்ததும் மேசையில் வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள், டவுனில் டவர் பக்கத்திலேயே இருப்பதால் எல்லாம் ஜோராக ஓடும், அப்புறம் மேட்டில் கொண்டுபோய் மாட்டினால் இரண்டு மாதத்தில் பேட்டரி செத்துக் கிடக்கும். வரிசையை மாற்றுங்கள்: முதலில் அந்த இடத்துச் சிக்னல், அடுத்து சிம், அதன் பிறகு மின்கணக்கு, கடைசியாகத்தான் மாட்யூலும் நிரலும். பேட்டரி எத்தனை வருடம் தாங்கும் என்பது டேட்டாஷீட்டில் எழுதியிருக்கும் உறக்க மின்னோட்டத்தில் இல்லை. பெட்டி ஒவ்வொரு தடவையும் எத்தனை வினாடி விழித்திருக்கிறது என்பதில் இருக்கிறது, அதை முடிவு செய்வது பெரும்பாலும் சிக்னல்தான்.

எந்த வலை?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலேசியாவில் 3ஜி 2021 இறுதிக்குள் மூடப்பட்டுவிட்டது, அதை நம்பி வைத்த பழைய மீட்டர்களும் அலாரங்களும் அப்போதே ஊமையாகிவிட்டன. 2ஜி மாட்யூல் மலிவுதான், ஆனால் அனுப்பும்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும், இன்னும் எத்தனை காலம் என்கிற கேள்வியும் அதற்கு உண்டு; புதிதாக ஒன்றைச் செய்கிறவர் அதைத் தொட வேண்டாம்.

மின்சாரம் இருக்கிற இடமென்றால், உதாரணத்துக்குப் பம்பு வீடு, இந்தக் கட்டுரையில் சொல்லும் தலைவலி எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. கேட் 1 வகை 4ஜி மாட்யூல் ஒன்றைப் போடுங்கள், சாதாரண 4ஜி டவர் எதிலும் அது ஓடும், பம்பை இயக்கச் சொல்லும் கட்டளையும் உடனே போய்ச் சேரும். குறைமின் வலை என்பது பேட்டரியை நம்பி இருக்கிறவர்களுக்கு.

குறைமின் வலைகள் இரண்டு: எல்டிஇ-எம், என்பி-ஐஓடி. இரண்டையும், கைப்பேசி வலைகளுக்குத் தரம் வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் 13ஆம் வெளியீட்டில், 2016-இல் வரையறுத்தது. எல்டிஇ-எம் 1.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்ளும், வினாடிக்கு 1 மெகாபிட் வரை போகும், ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு அறாமல் கைமாறும். அதனால் செம்பனைக்குலை ஏற்றிப் போகும் லோரியைப் பின்தொடர வேண்டுமென்றால் இதுதான் பொருத்தம். என்பி-ஐஓடி வெறும் 180 கிலோஹெர்ட்ஸில் அடங்கிவிடும், முதல் தலைமுறையில் வினாடிக்குச் சில பத்து கிலோபிட்தான், ஒரு செய்தி போய்ச் சேர 10 வினாடி ஆனாலும் ஆச்சரியமில்லை. ஆனால் 2ஜியின் பழைய தரவுச் சேவையான ஜிபிஆர்எஸ்ஸைவிட 20 டெசிபெல் பலவீனமான சிக்னலிலும் பேசும். ஓரிடத்தில் நின்றபடி மணிக்குச் சில பைட்டுகள் அனுப்பும் தொட்டிச் சென்சருக்கு இது போதும். ஒன்று இருக்கிற டவரில் இன்னொன்றும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரே தோட்டத்தில் இருபது முப்பது சென்சர் வைக்கப் போகிறீர்கள், டவர் சிக்னல் எல்லா இடத்திலும் மோசம் என்றால், தோட்ட ஆபீசில் ஒரு லோரா கேட்வே, அதாவது கைப்பேசி டவர் இல்லாமலே சென்சர்களின் செய்தியை வாங்கிக்கொள்ளும் நம் சொந்தப் பெட்டி, வைத்து எல்லாவற்றையும் அதோடு பேச வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஒன்று, இரண்டு, ஐந்து சென்சர் என்றால் கேட்வேயைக் கட்டிக்காக்கும் வேலை வீண், அங்கே என்பி-ஐஓடி.

முதலில் இடத்தைப் பாருங்கள்

செம்பனைத் தோட்டத்தில் சிக்னல் நாளுக்கு ஒரு மாதிரி இருக்கும். டவர்கள் டவுனிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் நிற்கின்றன, தோட்டமோ மேடும் பள்ளமுமாக உள்ளே போகிறது. வளர்ந்த செம்பனை மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூரை போல மூடிக்கொள்ளும், மழை பெய்து மட்டை நனைந்திருந்தால் அலை இன்னும் தேயும். பால்மரக் காடு இலையுதிர்க்கும் மாதத்தில் அளந்துவிட்டு, துளிர்த்த பிறகும் அதே எண் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மரமும் வருடா வருடம் உயரும். இன்று மட்டைக்கு மேலே நிற்கிற ஆன்டெனா நாலைந்து வருடத்தில் மட்டைக்குள் மறைந்துவிடும். மறுநடவு செய்த பகுதி என்றால் இப்போது கிடைக்கும் நல்ல சிக்னலை அப்படியே நம்ப வேண்டாம்.

முதல் பார்வைக்குக் கைப்பேசியே போதும். ஆண்ட்ராய்டில் சிக்னல் காட்டும் செயலிகள் நிறைய இருக்கின்றன, அவற்றில் சிக்னல் கோடுகளைப் பார்க்காமல், டவரின் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்று சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணையும் அலைவரிசை எண்ணையும் பாருங்கள். என் அளவுகோல் இது: மைனஸ் 100 டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தின் அலகு) மேலே இருந்தால் கவலையில்லை, மைனஸ் 110-இலிருந்து 120 வரை என்றால் வேலை செய்யும், ஆனால் பேட்டரி விலை கொடுக்க வேண்டும், அதற்கும் கீழே போனால் ஆன்டெனாவை உயர்த்தாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். அலைவரிசையும் முக்கியம். 900 மெகாஹெர்ட்ஸ், அதாவது 8ஆம் பட்டை, 1800-ஐவிட மட்டைகளுக்குள் நன்றாக நுழையும். கைப்பேசி 1800-இல் பேசிக்கொண்டிருந்தால் அந்த எண்ணை வைத்து 900-இன் நிலையைத் தீர்மானிக்க முடியாது, நேர்மாறாகவும் முடியாது.

கைப்பேசி சொல்வது அந்த டவரில் 4ஜி எப்படி இருக்கிறது என்பதைத்தான். என்பி-ஐஓடி திறந்திருக்கிறதா என்பது மாட்யூலையே அந்த இடத்துக்குக் கொண்டுபோனால்தான் தெரியும். யாரிடமாவது ஒரு சோதனைப் பலகை இரவல் கிடைத்தால் நல்லது. மடிக்கணினியில் இணைத்து, மாட்யூலோடு பேசும் ஏடி கட்டளைகளைத் தட்டுங்கள். இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில். ஏடி+சிஎஸ்க்யூ என்றால் 0-இலிருந்து 31 வரை ஓர் எண் வரும், 99 என்றால் எதுவும் கேட்கவில்லை. அந்த எண்ணை இரண்டால் பெருக்கி 113-ஐக் கழித்தால் டிபிஎம். இது மேலோட்டமான அளவு, ஒரு முடிவுக்கு வரப் போதாது. குவெக்டெல் நிறுவனத்தின் பிஜி95 மாட்யூல் என்றால் ஏடி+க்யூசிஎஸ்க்யூ, பழைய பிசி95 என்றால் ஏடி+என்யூஇஸ்டாட்ஸ் கேளுங்கள். பிந்தையது டிபிஎம்மைப் பத்தால் பெருக்கிச் சொல்லும், மைனஸ் 985 என்று வந்தால் மைனஸ் 98.5 என்று படிக்க வேண்டும். அதே பதிலில் இசிஎல் என்று ஓர் எண் இருக்கும். எல்லாவற்றையும்விட அதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இசிஎல் 0, 1, 2 என்று மூன்று நிலை. 0 என்றால் சாதாரணம். 1, 2 என்று ஏற ஏற, டவரும் பெட்டியும் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொள்ளும். ஓடைக்கு அக்கரையில் நிற்கிறவருக்கு ஒரே வார்த்தையைப் பத்துத் தடவை கத்திச் சொல்வது போல. பெட்டியிலிருந்து மேலே போகும் பக்கம் 128 தடவை வரையும், டவரிலிருந்து கீழே வரும் பக்கம் 2048 தடவை வரையும் திரும்பச் சொல்ல வழியிருக்கிறது. என்பி-ஐஓடி தூரம் போகிறது என்பதன் ரகசியம் இதுதான், பேட்டரியைத் தின்பதும் இதுதான். விளம்பரத்தில் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள்.

இசிஎல் 2 வந்தால் உடனே இடத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆன்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்துங்கள், தொட்டியின் எந்தப் பக்கம் டவரைப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் மாற்றுங்கள். தண்ணீர் நிறைந்த தொட்டி அலைக்குச் சுவர் மாதிரி, இரும்புத் தகட்டுத் தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஆன்டெனா இரும்பை ஒட்டிக் கிடக்கக் கூடாது, இரும்புப் பெட்டிக்குள் இருக்கவே கூடாது. கேபிளை நீட்டி ஆன்டெனாவை மட்டும் மேலே கொண்டுபோகும் யோசனை வந்தால் கணக்கைப் பாருங்கள்: மெல்லிய ஆர்ஜி174 கேபிள் 900 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் விழுங்கும். பத்து மீட்டர் ஓட்டினால் உயர்த்தியதால் கிடைத்தது அதிலேயே போய்விடும். பெட்டியையே மேலே ஏற்றி, சென்சர் ஒயரை நீட்டுவது மேல். மேலே ஏற்றினால் இடிக்குப் பயப்பட வேண்டும். பேராக்கில் பிற்பகல் இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சுற்றுப்புறத்தில் அதுதான் உயரமான கம்பம் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நீண்ட சென்சர் ஒயர் இருந்தால் அதன் முனையில் மின்னெழுச்சித் தடுப்பான் போடுங்கள்.

முடிந்தால் சோதனைப் பெட்டியை ஒரு பகலும் இரவும் அங்கேயே விட்டு, நடுப்பகல், மழை, விடியற்காலை மூன்றும் பதிவாகட்டும்.

சிம் வாங்கும் கதை

டவுன் கடையில் கிடைக்கும் பிரீபெய்ட் சிம் பெரும்பாலும் என்பி-ஐஓடியில் பதிவாகாது. மாட்யூல் சிக்னலைக் காட்டும், ஏடி+சிஇரெக் கேட்டால் 3 என்று வரும், அதாவது மறுப்பு. உடனே மாட்யூலைக் குறை சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்தச் சேவை சிம்மின் கணக்கில் திறக்கப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக இதை நிறுவனக் கணக்குகளுக்குத்தான் விற்கிறார்கள், அதனால் தோட்ட நிர்வாகத்தின் பெயரிலோ கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலோ கேட்பது சுலபம். தனி ஆளாகச் செய்கிறவர், கருவிகளுக்கான ஐஓடி சிம்மைச் சில்லறையாக விற்கும் முகவரைத் தேட வேண்டும்.

பேசுகிறவரிடம் 'உங்களிடம் ஐஓடி இருக்கிறதா' என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை இது, இதற்கு அருகிலுள்ள டவரில் என்பி-ஐஓடி திறந்திருக்கிறதா, எந்தப் பட்டை, இணையத்துக்குள் நுழையும் வாசலின் பெயரான ஏபிஎன் என்ன, பெட்டியை உறங்கவிடும் பிஎஸ்எம், இ-டிஆர்எக்ஸ் முறைகள் இரண்டையும் அனுமதிக்கிறீர்களா, இணைப்பு சும்மா இருந்தால் எத்தனை வினாடியில் அவிழ்ப்பீர்கள், சிம்மை மாட்யூலின் அடையாளமான ஐஎம்இஐ எண்ணோடு கட்டிவிடுவீர்களா, பயன்படுத்தாத தரவு மாத முடிவில் போய்விடுமா என்று கேளுங்கள். விற்பனைப் பிரிவில் இருப்பவருக்குப் பாதி தெரியாது, தொழில்நுட்ப ஆளிடம் தள்ளிவிடுவார், நமக்கு வேண்டியதும் அதுதான். மாதக் கட்டணம் எத்தனை வெள்ளி என்பதைக் கடைசியில் கேட்டால் போதும்; தொட்டிச் சென்சர் மாதத்துக்கு ஒரு மெகாபைட்டைக்கூடத் தொடாது.

வெளியில் விற்கவோ தோட்டம் முழுக்க மாட்டவோ திட்டமிருந்தால் சிரிம் சான்றிதழ் உள்ள மாட்யூலாகப் பார்த்து வாங்குங்கள். மலேசியாவில் அலைபரப்பும் கருவிகளுக்கு அது தேவை.

மின்கணக்கு

எண்களோடு பார்த்தால்தான் இது புரியும். 3.6 வோல்ட் லித்தியம் தையோனில் குளோரைடு பேட்டரி, பெரிய 'டி' அளவு, இஆர்34615 என்ற எண்ணில் கிடைக்கும். பெயரளவில் 19 ஆம்பியர்-மணி, அதாவது 19,000 மில்லி ஆம்பியர்-மணி. தண்ணீர் மீட்டர்களில் பல வருடம் உழைப்பது இந்த ரசாயனம்தான்.

நல்ல சிக்னலில் ஒரு செய்திக்கு 2 வினாடி அனுப்புதல், 220 மில்லி ஆம்பியர்; அதன் பிறகு டவர் இணைப்பை அவிழ்க்கும் வரை 20 வினாடி காத்திருத்தல், 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 0.4 மில்லி ஆம்பியர்-மணி. மணிக்கு ஒரு செய்தி என்றால் நாளுக்கு 9.6. உறக்கத்தில் மொத்தப் பலகையும் 20 மைக்ரோ ஆம்பியர் என்றால் நாளுக்கு 0.5 தான். மொத்தம் 10-ஐ ஒட்டி, 19,000-ஐ வகுத்தால் 5 வருடம். இதே பெட்டி இசிஎல் 2-இல் 20 வினாடி அனுப்பி 40 வினாடி காத்திருந்தால் ஒரு செய்திக்கு 1.8, நாளுக்கு 43, ஆயுள் 440 நாள். ஒரே பெட்டி, ஒரே நிரல், இடம் மட்டும் வேறு.

முதல் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். அனுப்பியதைவிடச் சும்மா காத்திருந்ததுதான் அதிகம் தின்றிருக்கிறது. அந்த 20 வினாடி டவர் வைத்திருக்கும் நேரம், நம் கையில் இல்லை. ஆனால் 'என்னிடம் இனி எதுவுமில்லை, அவிழ்த்துவிடு' என்று செய்தியோடு சேர்த்துச் சொல்ல ஆர்ஏஐ என்ற குறி இருக்கிறது. மாட்யூலும் டவரும் அதை ஏற்றால் 20 வினாடி இரண்டு மூன்றாகக் குறையும், செய்திக்கு 0.4 என்பது 0.16 ஆகும். மாட்யூல் வாங்கும்போது இது இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் உறக்கம். பிஎஸ்எம் என்பது பெட்டி பதிவை இழக்காமல் அணைந்ததுபோல் கிடப்பது. டவர் அதன் பெயரை மறக்காது, விழித்ததும் மறுபடி முதலிலிருந்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை. இரண்டு நேரங்கள் கேட்க வேண்டும்: செய்தி போனபின் எத்தனை வினாடி காது கொடுத்திருப்பது (இதன் பெயர் டி3324), எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை 'இருக்கிறேன்' என்று தலைகாட்டுவது (இதன் பெயர் டி3412). ஏடி+சிபிஎஸ்எம்எஸ் கட்டளையில் இவற்றை 8 பிட்டுகளாகத் தர வேண்டும், முதல் மூன்று பிட் அலகு, மீதி ஐந்து எண்ணிக்கை. டி3412-க்கு 001 என்றால் ஒரு மணி நேரம், ஆகவே 24 மணி நேரத்துக்கு 00111000. டி3324-க்கு 000 என்றால் 2 வினாடி, ஆகவே 10 வினாடிக்கு 00000101. ஒரே பிட்டுகள் இரண்டு டைமரிலும் வேறு வேறு அலகைக் குறிக்கும், இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்: 000 என்பது டி3412-இல் 10 நிமிடம்.

நீங்கள் கேட்டதை டவர் தந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஏடி+சிஇரெக்=4 போட்டுவிட்டு மறுபடி கேட்டால் உண்மையில் கிடைத்த நேரங்கள் அதே பிட்டு வடிவில் வரும். டவர் பிஎஸ்எம்மையே மறுத்திருந்தால் இந்த இடத்தில்தான் தெரியும், அதனால் இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

பிஎஸ்எம்மில் கிடக்கும் பெட்டியை வெளியிலிருந்து எழுப்ப முடியாது. நீங்கள் அனுப்பும் கட்டளை அது அடுத்து விழிக்கும்வரை காத்திருக்கும். வால்வைத் திறக்கிற மாதிரி கீழ்நோக்கிய வேலை இருந்தால் இ-டிஆர்எக்ஸ் பாருங்கள், அதில் பெட்டி இடைவெளி விட்டுவிட்டு டவரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். என்பி-ஐஓடியில் அந்த இடைவெளி அதிகபட்சம் 2 மணி 54 நிமிடம், எல்டிஇ-எம்மில் ஏறக்குறைய 44 நிமிடம். இடைவெளியைச் சுருக்கச் சுருக்கப் பேட்டரி கரையும்.

உறங்கும்போது மாட்யூலின் மின்சாரத்தையே துண்டித்துவிடலாமே என்று தோன்றும். துண்டித்தால் ஒவ்வொரு தடவையும் பட்டைகளைத் துழாவி, பதிவு செய்து, ஏபிஎன் பிடித்து வர வேண்டும், மோசமான சிக்னலில் அதற்கு நிமிடக்கணக்கில் ஆகும். நாளுக்கு ஒரு செய்திக்கு மேல் இருந்தால் பிஎஸ்எம்தான். எந்தப் பட்டை என்று தெரிந்துவிட்டதால் மாட்யூலை அந்தப் பட்டையிலேயே பூட்டிவையுங்கள், துழாவல் மிச்சம்.

இவ்வளவு பார்த்துச் செய்துவிட்டு, வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் உள்ள பலகையைப் போட்டால் அத்தனையும் பாழ். அது சும்மா இருக்கவே 5 மில்லி ஆம்பியர் குடிக்கும், நாளுக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரி 158 நாளில் காலி. சிகப்பு மின்விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருந்தாலும் கதை அதேதான், பிடுங்கிப் போடுங்கள். நிரலை ஓட்டும் ஈஎஸ்பி32 சில்லு ஆழ்ந்த உறக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர் என்பது உண்மை, ஆனால் யுஎஸ்பியோடு வரும் பலகையில் அந்த எண் கிடைக்காது. சென்சருக்கும், சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட் வழியாக மின்சாரம் கொடுங்கள், அளக்கும் ஒரு வினாடிக்கு மட்டும்.

அந்த லித்தியம் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு. மெல்லிய மின்னோட்டத்தை வருடக்கணக்கில் தரும், திடீரென்று 200 மில்லி ஆம்பியர் கேட்டால் வோல்ட் சரிந்துவிடும், அதுவும் மாதக்கணக்கில் சும்மா கிடந்தபின் கேட்டால் உள்ளே படிந்த படலம் முதலில் கரைய வேண்டும். மாட்யூல் அனுப்பத் தொடங்கி, வோல்ட் விழுந்து, மறுதொடக்கமாகி, மறுபடி அனுப்பப் பார்த்து என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே, திடீர்த் தேவைக்கு மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் குறைந்த கசிவுள்ள சூப்பர் கெப்பாசிட்டரோ, இதற்கென்றே விற்கும் துணைக் கெப்பாசிட்டரோ இணையுங்கள். இந்தப் பேட்டரியை எக்காரணம் கொண்டும் சார்ஜ் செய்யாதீர்கள், அதன்மேல் நேராகப் பற்றவைக்காதீர்கள், வெடிக்கும். கம்பி பொருத்தி வருவதாகப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் பெட்டிக்குள் ஏறும் சூட்டையும் சேர்த்து, கணக்கில் வரும் ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

தொட்டி உச்சியில் நல்ல வெயில் விழுகிறதென்றால் சின்னச் சூரியத் தகடும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் இன்னொரு வழி. மட்டைக்கு அடியில் அதெல்லாம் வேலைக்கு ஆகாது.

மாட்யூல், செய்தி, சர்வர்

சிம்காம் 7080ஜி, குவெக்டெல் பிஜி95, நோர்டிக் 9160 மூன்றும் என்பி-ஐஓடி, எல்டிஇ-எம் இரண்டும் பேசும். எது கையில் கிடைக்கிறதோ அது. முதல் இரண்டிலும் கட்டளை வாங்கும் சீரியல் இணைப்பு 1.8 வோல்ட், 5 வோல்ட் ஆர்டுயினோ பலகையை நேராகச் சொருகினால் மாட்யூல் போய்விடும், நடுவில் வோல்ட் மாற்றி வேண்டும்.

செய்தியை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்குங்கள். தண்ணீர் மட்டம் 2 பைட், பேட்டரி வோல்ட் 2 பைட், சிக்னல் 1 பைட், இசிஎல் 1 பைட், வரிசை எண் 2 பைட், முடிந்தது. இணையதளங்கள் பயன்படுத்தும் ஜேசன் வடிவமும் எச்டிடிபி முறையும் போட்டால் இதையே நூற்றுக்கணக்கான பைட்டாகச் சுமக்க வேண்டும், மோசமான சிக்னலில் ஒவ்வொரு பைட்டும் பல தடவை போகும் என்பதை மறக்காதீர்கள். பதிலுக்குக் காத்திராமல் செய்தியை வீசிவிடும் யுடிபி முறை, அல்லது அதன்மேல் ஓடும் கோஆப் போதும். எம்க்யூடிடி என்ற செய்தி முறை எல்லாருக்கும் பழக்கம்தான், ஆனால் அது இணைப்பை உயிரோடு வைக்க அடிக்கடி தட்டிக்கொண்டே இருக்கும், பிஎஸ்எம்மோடு ஒத்துவராது. யுடிபியில் யார் வேண்டுமானாலும் பொய்ச் செய்தி அனுப்பலாம், அதனால் முன்பே பகிர்ந்த சாவியால் ஒரு சின்ன கையொப்பம் சேருங்கள். வரிசை எண்ணையும் அதற்குள் அடக்குங்கள்.

மணிக்கு ஒரு தடவை அளந்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மொத்தமாக அனுப்புவது இன்னும் மலிவு. தண்ணீர் குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே போனால் மட்டும் உடனே அனுப்பட்டும். அனுப்ப முடியவில்லை என்றால் உடனே மறுபடி மறுபடி முட்டிக்கொள்ளக் கூடாது: ஒரு தடவை முயற்சி, அப்புறம் 15 நிமிடம், அப்புறம் ஒரு மணி நேரம் என்று விலகிப் போக வேண்டும், டவர் கெட்டுப்போன ஒரு நாளில் முழு மாதப் பேட்டரியும் தீர்ந்துவிடக் கூடாது. பல பெட்டி இருந்தால் எல்லாம் சரியாக 6 மணிக்கு விழிக்காதபடி ஆளுக்குச் சில நிமிடம் தள்ளி வையுங்கள்.

நேரம் வேண்டுமென்றால் ஏடி+சிசிஎல்கே, டவரே சொல்லும். கடைசியில் +32 என்று வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், கால் மணி நேரங்களின் எண்ணிக்கை அது, 8 மணி நேரம். மணி ஏற்கெனவே மலேசிய நேரமா, உலக நேரமா என்பதை உங்கள் மாட்யூலில் ஒரு தடவை சரிபாருங்கள்.

சர்வர் பக்கம் பெரிய வேலை இல்லை. மலிவான வாடகை சர்வரில் யுடிபி கேட்கும் இருபது முப்பது வரி பைத்தான், தானாகச் செய்தி அனுப்பும் ஒரு டெலிகிராம் பாட். தோட்டத்தில் எல்லாரும் வாட்ஸாப் குழுவில்தான் இருக்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் அதிகாரப்பூர்வமற்ற வழியில் வாட்ஸாப்பில் தானியங்கிச் செய்தி அனுப்பினால் எண்ணை முடக்கிவிடுவார்கள். மண்டோரும் (மேற்பார்வையாளர்) கிராணியும் (எழுத்தர்) டெலிகிராமை இறக்கிக்கொள்வதே சுலபம். எச்சரிக்கை இரண்டு வகை வேண்டும். தண்ணீர் குறைந்தது ஒன்று, பெட்டியிடமிருந்து 6 மணி நேரமாகச் செய்தியே இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவது இல்லாவிட்டால், செத்துப்போன சென்சரைத் தொட்டி நிறைந்திருக்கிறது என்றே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

பெட்டியும் சென்சரும்

தண்ணீர் புகாத மீயொலிச் சென்சர், ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி மாதிரி, சின்னத் தொட்டிக்குச் சரி, ஆனால் முகத்திலிருந்து 20, 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது அதற்குத் தெரியாது, அந்த அளவு உயரத்தில் மாட்டுங்கள். விடியற்காலையில் மூடியின் அடியில் நீர்த்துளி கோக்கும், சென்சர் முகத்திலும் கோக்கும், அப்போது கன்னாபின்னா எண் வரும். ஐந்து தடவை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 'காலியா, இல்லையா' மட்டும் தெரிந்தால் போதும் என்றால் மிதவைச் சுவிட்ச் போடுங்கள், மின்சாரமே தேவையில்லை, பழுதும் குறைவு. நான் இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன்.

பெட்டி, தூசியும் நீரும் தடுப்பதில் ஐபி65 தரத்துக்குக் குறையாத பிளாஸ்டிக், வெளிர் நிறம், ஒயர் எல்லாம் அடிப்பக்கமாக, ஒயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் வழியாக நுழையட்டும், வெளியில் ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் அதிலேயே சொட்டிவிடும். பலகைக்குப் பூச்சு, உள்ளே சிலிக்கா ஜெல். நம்மூர் எறும்பு கிடைத்த துளையில் புகுந்து குடித்தனம் நடத்தும், பயன்படாத துளைகளை அடையுங்கள். குரங்கு வரும் இடமென்றால் ஒயரைக் குழாய்க்குள் விடுங்கள்.

மாட்டுவதற்கு முன் ஒரு வாரம் வீட்டு வாசலில் ஓட்டி, வரிசை எண்ணில் எத்தனை விடுபட்டது என்று பாருங்கள், மல்டிமீட்டரைத் தொடரில் வைத்து உறக்க மின்னோட்டம் உண்மையிலேயே மைக்ரோ ஆம்பியர்தானா என்றும் பாருங்கள். அனுப்பும் நேரத்தில் மீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் விட்டால் உள்ளே உள்ள தடை வோல்ட்டை இழுத்துப் பெட்டி மறுதொடக்கமாகும், உறங்கிய பிறகுதான் அந்த அளவுக்குத் திருப்ப வேண்டும். மேட்டில் மாட்டிய முதல் வாரம் இசிஎல் எண்ணைத் தினமும் கவனியுங்கள். 0-இலும் 1-இலும் மாறிமாறி நின்றால் விட்டுவிடலாம், 2 அடிக்கடி வந்தால் ஏணி இன்னும் அங்கேயே இருக்கும்போதே ஆன்டெனாவை நகர்த்திவிடுங்கள். சிம் கணக்கு யார் பெயரில், எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும், ஏபிஎன் என்ன, பேட்டரி மாற்றிய தேதி எது என்று நான்கையும் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். கிராணி மாறிப் போனாலும் அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துக்கொள்வார்.